இறகுக் குஞ்சம் கட்டும் முறை: பழைய படைத் தொப்பிக்கும் தலைப்பாகைக்கும்

கட்டிய குஞ்சம் மேடையேறி அரை மணி நேரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தாலும், நடுவில் சொட்டை விழுந்தாலும், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கினாலும் எல்லாரும் பழியை இறகின் மேல்தான் போடுவார்கள். பெரும்பாலும் இறகு நல்ல இறகாகவே இருக்கும். கோளாறு அடிக்கட்டில் இருக்கும், இல்லையென்றால் சாயப் பானையில் இருக்கும். அதனால் அந்த இரண்டையும்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை வட்டாரத்தில் இந்த வேலைக்கு அவ்வப்போது தேவை வருகிறது. பொய்க்கால் குதிரை ராஜாவின் தலைப்பாகை, பள்ளி ஆண்டுவிழாவில் வேலூர்ப் புரட்சி, சரபோஜி மன்னர் தர்பார் காட்சி, தரங்கம்பாடி, காரைக்கால் கதைகளுக்கு ஐரோப்பியச் சிப்பாய் வேடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வாடகைக்கு வரும் குஞ்சங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் சரிகை. அதற்குப் பதில் கையால் கட்டுவதற்கு இரண்டு நாள் போதும். அதற்கான பொருள் எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும்.

எதைக் கட்டப்போகிறோம்?

குஞ்சத்தின் நிறமும், உயரமும், அது தொப்பியில் நிற்கும் பக்கமும் வீரனின் பிரிவைச் சொல்லும். தூரத்தில் வரும் கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு) எது என்று தளபதி கண்டுகொண்டது இதை வைத்துத்தான். ஆகவே காட்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகே இறகைத் தொடுங்கள்.

1800-இல் பிரிட்டிஷ் காலாட்படைக்கு உருளை வடிவ ஷாகோ தொப்பி வந்தது. அதில் குஞ்சம் முன்நெற்றியில் நேராக நிற்கும். சாதாரணக் கம்பெனிக்கு மேலே வெள்ளை, அடியில் சிவப்பு. பொறுக்கியெடுத்த வீரர்கள் நின்ற கிரெனடியர் கம்பெனிக்கு முழு வெள்ளை. விரைந்து நகரும் லைட் கம்பெனிக்கு முழுப் பச்சை. 1812-இல் முன்பக்கம் உயர்ந்த புதுத் தொப்பி வந்தபோது குஞ்சம் இடப்பக்கத்துக்கு மாறியது. வாட்டர்லூ போர்க் காட்சியில் (1815) குஞ்சத்தை நெற்றியில் நிறுத்தினால் அது தவறு. 1829-இல் வெள்ளைக் குஞ்சம் படைக்கெல்லாம் பொதுவானது. 1778-இல் செயின்ட் லூசியாவில் வென்ற நினைவாக வெள்ளைத் தூவி அணிந்துவந்த 5-ஆம் காலாட்படைப் பிரிவுக்கு அதனால் தனி அடையாளம் போயிற்று. ஈடாக அவர்களுக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை கொடுத்தார்கள். தலைகீழாகச் செருகிய குஞ்சம் போலத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

இன்னொரு பிழை பரவலாக நடக்கிறது. அசல் இறகு அதிகாரிகளுக்கு உரியது. சாதாரண வீரனின் குஞ்சம் கம்பளி நூலில் செய்தது. மேடையில் இருபது பேரை நிறுத்தினால் ஒருவர் இருவருக்கு மட்டும் இறகு கட்டுங்கள், மற்றவர்களுக்குக் கம்பளி நூல் போதும். செலவும் குறையும், வரலாறும் கெடாது.

வேலூர்க் காட்சிக்கு இது இன்னும் முக்கியம். 1805 இறுதியில் மதராஸ் படைத் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் சிப்பாய்களுக்கு ஒரு புதிய தலைப்பாகை வந்தது. இறகு போலத் தோன்றும் பருத்திக் குஞ்சமும் தோல் பதக்கமும் அதில் இருந்தன. அந்தத் தோல் எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வி இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரப் புண்படுத்தியது. சாதி அடையாளம், தாடி, கடுக்கன் ஆகியவற்றின் மேல் வந்த கட்டுப்பாடும் அதோடு சேர்ந்துகொள்ள, 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. அந்தச் சிப்பாயின் தலையில் சேவல் இறகை வைத்தால் காட்சியின் காரணமே கலைந்துவிடும். அவருக்கு வெள்ளைப் பருத்தி நூலில் குஞ்சம் கட்டி, அதன் அடியில் கறுப்புத் தோல் பதக்கத்தை முன்னிருக்கைக்குத் தெரியும் அளவில் வையுங்கள்.

ரோமானிய வீரன் வேண்டுமா? கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியபடி மூன்று நேரான இறகுகள், ஊதா அல்லது கறுப்பு, உயரம் ஏறத்தாழ ஒரு முழம். இது மிக எளிது. சங்க கால வீரனுக்கு இந்தத் தொப்பிக் குஞ்சம் எதுவும் பொருந்தாது. புறநானூற்றில் பீலி சூட்டப்படுவது படைக்கலத்துக்கும் (பாடல் 95) நடுகல்லுக்கும் (பாடல் 264). பீலியை வேலின் கழுத்தில் கட்டுங்கள்.

இறகு எடுக்கும் இடம்

நிமிர்ந்து நிற்கும் குஞ்சத்துக்கு நாட்டுச் சேவலின் கழுத்துத் தூவிதான் வேண்டும். ஒரு வயது தாண்டிய சேவலாக இருக்க வேண்டும். கறிக்கடைப் பிராய்லர் கோழியின் இறகு வெள்ளையாக மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது ஆறேழு வாரக் குஞ்சின் இறகு. தண்டு முற்றியிருக்காது, கட்டினால் பஞ்சு மூட்டை போல ஆகிவிடும். சேவல் கழுத்துத் தூவியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி ஈட்டி போல இருக்கும், நடுத்தண்டு நேராக ஓடும், அடியில் மட்டும் பஞ்சு இருக்கும். நுனியைப் பிடித்து வளைத்துவிட்டால் துள்ளி நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் ஒதுக்கிவிடுங்கள்.

வளைந்து விழும் குஞ்சத்துக்குச் சேவலின் வால் இறகும், வெள்ளை வாத்து அல்லது வெள்ளைக் கூஸ் வாத்தின் இறகும் பொருந்தும். பிரிட்டிஷ் ஜெனரல்களின் தொப்பியில் இருந்தது அன்னத்தின் வெள்ளை இறகு. அதற்கு மாற்றாகக் கூஸ் இறகை வைத்தால் யாரும் கண்டுபிடிப்பது கடினம். சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய வரும். இரவில் அவை அடையும் கிடையில் உதிர்ந்த இறகு நிறையக் கிடக்கும். மேய்ப்பவரிடம் கேட்டுப் பொறுக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் பழுப்பு நிறம்தான், கறுப்புச் சாயம் போடுவதற்கு அதுவே மேல். நோய் கண்ட கூட்டம் என்று தெரிந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

காட்டுப் பறவையின் இறகு வேண்டவே வேண்டாம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை சரணாலயங்களைச் சுற்றிக் கொக்கு, நாரை இறகு கிடக்கத்தான் செய்யும். அது சட்டச் சிக்கல். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. தலைப்பாகையில் நிற்கும் மெல்லிய வெண்கொக்குத் தூவி, கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே முளைப்பது. அதற்காகத் தாய்ப் பறவையைக் கொன்றார்கள், கூட்டில் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வதை 1902-இலேயே தடைசெய்யும் அளவுக்கு அந்தக் கொலை நடந்தது. மாற்று வழி கீழே இருக்கிறது.

மயில் தோகை மட்டும் ஒரு விலக்கு. தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்கும்போது காம்பின் அடிநுனியைப் பாருங்கள். உதிர்ந்த தோகையின் காம்பு காய்ந்து சுத்தமாக முடியும். பிடுங்கியதில் இரத்தக் கறையோ தசைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். காம்பை நறுக்கி விற்றால் ஏன் நறுக்கினார்கள் என்று கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கழுவுதலும் சாயமும்

பூந்திக்கொட்டை நுரைதான் இறகுக்குச் சிறந்த சோப்பு. பத்துக் கொட்டையை விதை நீக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் இறகை அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசுவது போல மட்டும் அசைத்து எடுங்கள். கசக்காதீர்கள். இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டுதான் ஒரே தகடு போல நிற்கின்றன. கசக்கினால் கொக்கி அவிழ்ந்து சிலும்பிவிடும். சீயக்காய் பழுப்பேற்றும், அதைத் தவிர்த்துவிடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்தபின் இறகில் உப்புப் படியும். கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

வெள்ளை இறகு மஞ்சள் தட்டியிருந்தால் ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் போதும். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் தொடாதீர்கள். முடி, நகம் போல இறகும் கெரட்டின் புரதம். குளோரின் அதைக் கரைத்துவிடும். காலையில் பார்த்தால் பாத்திரத்தில் கூழும் வெறும் தண்டும்தான் மிஞ்சும். சோடா காரமும் அப்படித்தான்.

அதே காரணத்தால் இறகுக்குப் பருத்திச் சாயம் பிடிக்காது, பட்டுச் சாயம் பிடிக்கும். பட்டும் புரதம்தானே. திருபுவனம், கும்பகோணம் பட்டுச் சாயப் பட்டறைகளில் பயன்படுத்தும் ஆசிட் சாயத்தைக் கேட்டு வாங்குங்கள். துணிக்கடையில் விற்கும் பச்சைத் தண்ணீர்ச் சாயம் அலசும்போதே பாதி போய்விடும், மீதி நடிகரின் வியர்வையில் நெற்றியில் இறங்கும்.

25 கிராம் காய்ந்த இறகுக்குத் தண்ணீர் ஒன்றரை லிட்டர், சிவப்புச் சாயம் 1 கிராம், வெள்ளை வினிகர் 30 மில்லி. கறுப்புக்குச் சாயம் 2 கிராம் பிடிக்கும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. அந்தப் பாத்திரம் பிறகு சமையலுக்குப் போகக் கூடாது. சாயத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். கரையாத துகள் ஒன்று விழுந்தாலும் வெள்ளிக்கிழமைக் குங்குமம் தெறித்தது போல இறகில் புள்ளி விழும். ஈர இறகை வெதுவெதுப்பான சாயத்தில் போட்டு, இருபது நிமிடத்தில் மெதுவாக 75 முதல் 80 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் அடியைப் பார்க்கலாம். அடியில் சின்னக் குமிழ் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மேலே கொதி வரக் கூடாது. கொதித்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும், காய்ந்தபின் நொறுங்கும். இந்தச் சூடு வந்ததும் வினிகரை இரண்டு தவணையாக ஊற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். சாயம் இறகுக்குள் போகப் போகத் தண்ணீர் தெளியும். பாத்திரத்திலேயே ஆறவிட்டு, கலங்கல் வராத வரை அலசி, கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர் சேருங்கள்.

மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் அடுத்த சோதனையைத் தவறவிடவே கூடாது. சிவப்பு இறகு ஒன்றை நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணிக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் துணியில் ரோஜா நிறம் தெரிந்தால் அந்தச் சாயம் வெள்ளையைக் கெடுக்கும். மறுபடி வினிகர் தண்ணீரில் சூடேற்றி அலசுங்கள்.

காய வைப்பது நிழலில், மின்விசிறிக் காற்றில். மொட்டைமாடி வெயில் நிறத்தைத் தின்னும். முக்கால் ஈரம் போனதும் ஒரு தலையணை உறையில் இரண்டு கைப்பிடி சோளமாவோடு (கார்ன்ஃப்ளார்) இறகைப் போட்டு ஐந்து நிமிடம் குலுக்குங்கள். மாவு ஈரத்தை இழுக்க, ஒட்டிக்கிடந்த இழைகள் பிரிந்து பூத்துவிடும். பிறகு வேறு உறைக்கு மாற்றி மாவை உதறிவிட வேண்டும். மாவு மிஞ்சினால் பூச்சிக்கு விருந்து. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். காற்றில் ஈரம் அடங்காது, இறகு மூன்றாம் நாள் முடை நாற்றம் எடுக்கும்.

சப்பையாகிப்போன இறகுக்கு இட்லிப் பானை இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடியைச் சற்றே விலக்கி, வரும் ஆவியில் இறகைப் பத்து நொடி காட்டுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழை ஒவ்வொன்றாக விரிந்து எழும். உடனே விரல் நுனியால் அடியிலிருந்து மேலே ஒருமுறை நீவிவிட்டால் கொக்கிகள் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

கட்டு

30 சென்டிமீட்டர் நிமிர் குஞ்சம் ஒன்றுக்கு, மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம். வெள்ளைத் தூவி 200, சிவப்புத் தூவி 60. பழுதுக்கு நாலில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பிக்கு 27 சென்டிமீட்டர் மூங்கில் சிம்பு, அடியில் 4 மில்லிமீட்டர் தடிப்பு, நுனியில் 2. இரும்புக் கம்பியும் ஆகும், ஆனால் வட்டக் கம்பியில் கட்டு சுழன்றுவிடும், வியர்வையில் துரு வேறு பிடிக்கும். மூங்கிலைச் சீவி நான்கு முனையும் லேசாகத் தெரிய விட்டால் நூல் பிடித்துக்கொள்ளும். அடியில் 6 சென்டிமீட்டர் வெற்றுக் காலாக விட்டு, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேல் இருக்கும் 21 சென்டிமீட்டரில்தான் கட்டு.

நூல், டைலர் கடையில் பொத்தான் தைக்கிற தடி நூல். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டிப் பழகிய கை வாழைநாரைத் தேடும். ஈரமாக இருக்கும்போது நார் நன்றாகப் பிடிக்கும், காய்ந்ததும் முறியும். ஒரு நாள் மாலைக்கு நார், வருடக்கணக்கில் நிற்க வேண்டிய குஞ்சத்துக்கு மெழுகு நூல்.

இறகுகளை முதலில் நீளவாரியாகப் பிரியுங்கள். 11 சென்டிமீட்டர் நுனிக்கு, 9 நடுவுக்கு, 6 அடிக்கு. ஒவ்வொன்றிலும் அடிப்பஞ்சை உருவி, காம்பைச் சாய்வாக வெட்டி, கடைசி அரை சென்டிமீட்டரைக் குறடால் நசுக்கிச் சப்பையாக்குங்கள். இந்த நசுக்கலைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் அதிகம். காம்பு உருண்டையாக இருந்தால் நூலுக்கடியில் உருளும், உருண்டால் இறகு திரும்பி முதுகைக் காட்டும். இரண்டாவது, உருண்டைக் காம்புகள் சேரச் சேர அடிப்பாகம் தடித்துக் குஞ்சம் பூசணிக்காய் போல் ஆகிவிடும்.

கட்டு நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும். பத்துப் பெரிய தூவியைச் சிம்பின் நுனியைச் சுற்றி நிறுத்தி, ஆறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இறகின் உள்வளைவு சிம்பைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் குஞ்சம் கூம்பாக அடங்கி நிற்கும். வெளியே பார்த்தால் குடை போல விரியும். அடுத்த வரிசை 8 மில்லிமீட்டர் கீழே. இப்படி 25 வரிசை. முதல் 8 வரிசைக்கு எட்டு எட்டு இறகு, அடுத்த 9 வரிசைக்குப் பத்துப் பத்து, கடைசி 8 வரிசைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. மேல் வரிசையின் இரண்டு இறகுக்கு நடுவில் கீழ் வரிசையின் இறகு வர வேண்டும், ஓடு வேய்வது போல. ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு சுற்று, ஒரு சுருக்கு முடிச்சு. நூல் எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, சிம்பைக் கையால் சுழற்றுவதுதான் நல்ல முறை. ஐந்து வரிசைக்கு ஒருமுறை நூலின் மேல் மட்டும் ஃபெவிகால் ஒரு பொட்டு, ஈர்க்குச்சி நுனியில் எடுத்து. பசை அதிகமானால் தண்டு வழியே ஏறி இழையை விறைக்கவைக்கும், அந்த இடம் நனைந்த பூனை போலத் தெரியும்.

நிறம் மாறும் இடத்தில்தான் முதல்முறை கட்டுபவர்கள் ஏமாறுகிறார்கள். கீழ் 10 சென்டிமீட்டர் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று, சிம்பில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் சிவப்பைத் தொடங்கிவிடுவார்கள். இறகு கட்டிய இடத்திலிருந்து மேலே நீள்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அங்கே தொடங்கினால் சிவப்பு 16 சென்டிமீட்டருக்கு ஏறி, குஞ்சத்தில் பாதியை விழுங்கும். சிவப்புத் தூவி 6 சென்டிமீட்டர் என்றால் முதல் சிவப்பு வரிசை காலுக்கு மேல் 4 சென்டிமீட்டரில் தொடங்க வேண்டும். ஆக, கடைசி ஐந்து வரிசை மட்டும் சிவப்பு. தெரியும் உயரத்திலிருந்து இறகின் நீளத்தைக் கழியுங்கள், கணக்கு அவ்வளவுதான்.

கடைசி வரிசை முடிந்ததும் காம்புகள் தெரியாதபடி ஒரு சென்டிமீட்டருக்குச் சிவப்புப் பட்டு நூலால் நெருக்கிச் சுற்றுங்கள். பிறகு முழுக் குஞ்சத்துக்கும் இட்லிப் பானை ஆவியை அரை நிமிடம் சுற்றிக் காட்டி, வேட்டித் துணியில் நுனி நோக்கி உருட்டிச் சுற்றி, இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் பிரித்தால் வடிவம் பிடித்திருக்கும். துருத்தி நிற்கும் இறகைக் கத்தரியால் வெட்ட வேண்டாம். வெட்டிய நுனி மொட்டையாகத் தனித்துத் தெரியும். அடியோடு உருவி எடுத்துவிடுங்கள், ஒன்றிரண்டு போனால் யாருக்கும் தெரியாது.

கம்பளி நூல் குஞ்சம் இதைவிட எளிது. 12 சென்டிமீட்டர் அகல அட்டையில் பின்னல் நூலை எழுபது எண்பது சுற்றுச் சுற்றி, ஒரு விளிம்பில் வெட்டி, கொத்துக் கொத்தாக அதே சிம்பில் அதே வரிசையில் கட்டி, கடைசியில் கத்தரியால் கூம்பாக நறுக்கலாம். இங்கே கத்தரிக்குத் தடையில்லை. வேலூர்ச் சிப்பாய்க்கும் இதே முறைதான், நூல் மட்டும் வெள்ளைப் பருத்தி.

கவிழ்ந்து விழும் குஞ்சம், தலைப்பாகைக் கல்கி

பிரிட்டிஷ் ஜெனரலின் தொப்பியில் வெள்ளை அன்ன இறகு 10 அங்குல நீளத்தில் வெளிப்புறமாக வளைந்து விழும், அதற்கடியில் அதே நீளத்துக்குச் சிவப்பு இறகு. இதற்குச் சிம்பு நீளம் 8 சென்டிமீட்டர் போதும். நுனியில் பம்பரத் தலை அளவுக்கு நெட்டிக் கட்டை ஒன்றைச் செருகிப் பசையிட்டு, கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி வட்டம் வட்டமாக இறகை ஒட்டித் தைத்துக்கொண்டு வாருங்கள். உள்வளைவு கீழே பார்க்க வேண்டும். சிவப்பு முதலில், வெள்ளை அதன் மேல். நெட்டி மிகவும் கனம் குறைவு, ஊசியும் சுலபமாக இறங்கும். மரக்கட்டை வைத்தால் தொப்பி முன்னால் கவிழும். கூஸ் இறகு விறைப்பாக இருந்தால், தண்டின் உள்பக்கத்தை வெந்நீரில் நனைத்த கரண்டிக் காம்பால் நாலைந்து முறை அழுத்தி இழுங்கள், வளைவு வரும்.

மராட்டியத் தலைப்பாகையில் இருப்பது கல்கி என்ற இறகு அணியும் துரா என்ற குஞ்சமும். துரா என்ற சொல் காவிரிக்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. திருவரங்கத்தில் நம்பெருமாள் கலிங்கத்துராய் சாற்றிக்கொண்டு எழுந்தருள்வதைக் கேட்டிருப்பீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் வேடத்துக்குக் கல்கி 15 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது கோமாளி வேடமாகிவிடும். கொக்குத் தூவிக்கு மாற்று இப்படி: வெள்ளைக் கூஸ் இறகை எடுத்து, தண்டின் இருபக்கமும் இழைகளை மூன்றுக்கு ஒன்று விட்டு மீதியைச் சின்னக் கத்தரியால் தண்டை ஒட்டி நறுக்குங்கள். மீந்த இழைகள் தனித்தனியே நின்று அசையும். இப்படி ஏழெட்டு இறகைச் சேர்த்துக் கட்டினால் நான்கடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. அடியில் வைக்கும் பதக்கத்துக்குக் கண்ணாடிக் கல், அதைச் சுற்றி ஜரிகை. தெருவில் ஆடும் பொய்க்கால் குதிரைக்காரருக்கு இழை நறுக்கிய கல்கி தாங்காது, அவருக்குச் சேவல் வால் இறகே சரி.

தொப்பியில் பொருத்துதல்

செருகி வைத்தால் போதும் என்ற எண்ணம்தான் மேடையில் குஞ்சத்தைச் சாய்க்கிறது. தொப்பியின் உள்பக்கம் 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பை தைத்து, அதற்குள் சிம்பின் கால் இறுக்கமாக இறங்க வேண்டும். பையின் மேல்வாயிலும் அடியிலும் ஆக இரண்டு இடத்தில் பிடிப்பு இருக்க வேண்டும். ஒரே இடத்தில் கட்டினால் அது ஊஞ்சல். அட்டைத் தொப்பி என்றால் பைக்குப் பின்னால் உள்ளங்கை அளவு தடித்த அட்டையோ பிரம்புப் பட்டையோ வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சத்தின் கனம் தொப்பிச் சுவரை மடக்கும். நடிகர் தலையை வேகமாகக் குனிந்து நிமிர்த்திப் பார்க்கட்டும், அதுதான் பரீட்சை. ஆடி மாதத் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் 30 சென்டிமீட்டரை 22 ஆகக் குறைத்துவிடுங்கள். அம்மியே பறக்கும் காற்றில் குஞ்சம் எம்மாத்திரம்.

வைத்திருத்தல்

படுக்கவைக்காதீர்கள், அழுந்திய பக்கம் சப்பையாகும். காலியான தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில் செருகி, மேலே வேட்டித் துணியைத் தளரப் போர்த்தி, மூடியுள்ள பெட்டியில் நிறுத்துங்கள். பாலித்தீன் உறை வியர்க்கும், நம் ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வெண்மையாகப் படரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இறகின் பெரிய எதிரி, தோலையும் மயிரையும் தின்னும் சின்ன வண்டின் புழு. பெட்டியின் அடியில் பொடிப்பொடியாக இழைத் துணுக்கும், மயிர் அடர்ந்த காய்ந்த புழுத்தோலும் கண்ணில் பட்டால் அன்றைக்கே குஞ்சத்தைக் காற்றுப் புகாத உறையில் கட்டி, ஃப்ரீசரில் மூன்று வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிரித்தால்தான் பனி ஈரம் இறகை நனைக்காது. வேப்பிலைக் கொத்தும் பாச்சை உருண்டையும் புதுப் பூச்சி வராமல் தடுக்க ஓரளவு உதவும். உள்ளே புகுந்துவிட்டதை அவை கொல்லாது.

யார் வீட்டுப் பெட்டியிலாவது நூறு வருடப் பழைய குஞ்சம் கிடைத்தால் இந்த ஆவி, அலசல் எதையும் அதன் மேல் செய்யாதீர்கள். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் தடவும் பழக்கம் இருந்தது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டி, அளவெடுத்து, வரிசைக்கு எத்தனை இறகு, நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அப்படியே மூடிவையுங்கள்.